டோக்கன் வாங்காமல் முன்னால் வந்து நிற்கும் விண்டோ

பாம்பனில் அண்ணன் வைத்திருக்கும் ஜெராக்ஸ் கடையில் இரண்டு கணினிகள் இருக்கின்றன. வாசலைப் பார்த்தாற்போல இருப்பது என்னுடையது, விண்டோஸ் போட்டது. உள்ளே ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய பெட்டி மதினியுடையது. அதற்கு விண்டோஸைத் தாங்கத் தெம்பில்லை என்று லினக்ஸ் போட்டிருக்கிறேன். மனு டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம், ரயில் டிக்கெட், லேமினேஷன் என்று எல்லாம் உண்டு. ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும், கடையில் கூட்டம் அப்போதுதான். வருஷம் முழுக்கத் தள்ளிப்போட்ட ஆதார் திருத்தம், பேங்க் வேலை, பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாவற்றையும் அந்த இரண்டு மாதத்துக்குள் முடித்துவிடப் பார்ப்பார்கள்.

இந்த வேலையில் பாதி நேரம் ஓடிபிக்காகக் காத்திருப்பதில் போகும். பதிவு செய்த நம்பர் ஒருவரிடம், ஆள் ஒருவர். செல் வீட்டில் சார்ஜில் கிடக்கும், மகளுக்குப் போன் போட்டு "ஒரு மெசேஜ் வந்திருக்கும் பாரு, நம்பரச் சொல்லு" என்று கேட்க வேண்டும், அவள் எடுத்துப் பார்த்துச் சொல்வதற்குள் டீ வந்துவிடும். அன்றைக்கும் அப்படித்தான். நாலு நிமிஷம் போல ஆகியிருக்கும்.

"தம்பி, சொல்றேன், போட்டுக்க. நாலு… ஒம்போது…"

"சொல்லுங்கண்ணே."

நான் கீபோர்டைப் பார்த்தபடியே ஆறு இலக்கத்தையும் அடித்து என்டரைத் தட்டிவிட்டு நிமிர்ந்தேன். ஓடிபி கட்டம் காலியாகவே இருந்தது. அதற்கு முன்னால் வேறொரு விண்டோ, நான் கடைக் கணக்கு எழுத வைத்திருக்கும் டெக்ஸ்ட் எடிட்டர், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. அதைவிட மோசம், காலையிலிருந்து அதில் எழுதி இன்னும் சேவ் செய்யாமல் வைத்திருந்த பத்துப் பன்னிரண்டு வரிகளைக் காணோம். யார் எவ்வளவு பாக்கி, யாருக்கு எந்தச் சான்றிதழ் வாங்கித் தர வேண்டும், எல்லாம் அதில்தான் இருந்தது.

அண்ணனிடம் சொன்னேன். "வைரஸ்தான்டா, ஃபார்மட் பண்ணிரு" என்றார். எங்கள் கடையில் எல்லா வியாதிக்கும் அது ஒன்றுதான் மருந்து.

வைரஸ் இல்லை. இதற்கு ஆங்கிலத்தில் ஃபோகஸ் ஸ்டீலிங் என்று பெயர், ஃபோகஸ் திருட்டு என்று வைத்துக்கொள்வோம். கணினியில் விண்டோக்கள் வந்த நாளிலிருந்து இருக்கிற தொல்லை. நாற்பது வருஷமாக இதைச் சரிசெய்துகொண்டே இருக்கிறார்கள், இன்னும் முடிந்தபாடில்லை. ஏன் முடியவில்லை என்பதுதான் எனக்கு இதில் பிடித்த கதை, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஃபோகஸ் என்றால் என்ன. திரையில் பத்து விண்டோ திறந்திருந்தாலும் கீபோர்டு ஒன்றுதான். நீங்கள் ஒரு விசையைத் தட்டினால் கீபோர்டு அனுப்புவது இந்த விசை அழுந்தியது, இந்த விசை விடுபட்டது என்கிற ஒரு எண்ணை மட்டும். யாருக்குப் போக வேண்டும் என்று அதில் எழுதியிருக்காது. முகவரி எழுதாத தபால் மாதிரி. அந்த நொடியில் எந்த விண்டோவிடம் ஃபோகஸ் இருக்கிறதோ அதனிடம் ஆபரேட்டிங் சிஸ்டம் கொண்டுபோய்க் கொடுத்துவிடும். வேறு ஒன்று இடையில் புகுந்து உட்கார்ந்திருந்தால் அதற்குத்தான் கிடைக்கும். உங்கள் மனதில் எந்தக் கட்டம் இருந்தது என்பது கணினிக்கு எப்படித் தெரியும்?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிஷத்துக்கு 40 வார்த்தை அடிக்கிறவர், ஒரு வார்த்தைக்கு ஐந்து விசை என்று வைத்தால், நொடிக்கு மூன்று விசைக்கு மேல் தட்டுகிறார். திரையையே பார்த்துக்கொண்டிருந்தாலும் ஏதோ மாறிவிட்டது என்று மூளைக்கு உறைத்து விரல் நிற்பதற்குள் இரண்டு மூன்று எழுத்து போய்விடும். எங்கள் மாதிரி ஆட்கள் திரையையும் பார்ப்பதில்லை. கண் ஆதார் கார்டில் இருக்கும், ரேஷன் கார்டில் இருக்கும், இல்லையென்றால் எண்ணைச் சொல்கிறவரின் வாயில் இருக்கும். ஒரு முழு வரியே வேறு இடத்துக்குப் போன பிறகுதான் நிமிர்ந்து பார்ப்போம்.

எழுத்து தப்பான இடத்தில் விழுவதாவது பரவாயில்லை, அழித்துவிடலாம். ஆபத்து எங்கே என்றால், முன்னால் வந்து நிற்பது "ஆமா, இல்லையா" என்று கேட்கும் பெட்டியாக இருக்கும்போது. என்டர் தட்டினால் அதற்கு ஆமாம் என்று அர்த்தம், பல பெட்டிகளில் ஸ்பேஸ் தட்டினாலும் அதே அர்த்தம். வார்த்தைக்கு வார்த்தை ஸ்பேஸ் தட்டுகிற ஒருவர் முன்னால் இப்படி ஒரு பெட்டி வந்தால், அது என்ன கேட்டது என்று படிப்பதற்கு முன்பே பதில் சொல்லிவிட்டிருப்பார். எனக்கு நடந்ததும் அதுதான். அந்த எடிட்டர் "இந்தக் கோப்பை வேறொருவர் மாற்றியிருக்கிறார், புதியதை ஏற்றவா? நீங்கள் செய்த மாற்றங்கள் போய்விடும்" என்று கேட்டிருக்கிறது. ஓடிபியின் ஆறு எண்ணும் அந்தப் பெட்டிக்கு ஒரு பொருட்டில்லை, தூக்கிப்போட்டுவிட்டது. கடைசியில் தட்டிய என்டரை மட்டும் பத்திரமாக எடுத்துக்கொண்டது.

சரி, ஏன் அந்த நேரம் பார்த்து வந்தது? அடுத்த சில நாள் இது நடக்கும்போதெல்லாம் ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் நேரத்தைக் குறித்துவைத்தேன். மனு டைப் செய்துகொண்டிருக்கும்போது ஒரு தடவைகூட வரவில்லை. ஓடிபிக்குக் காத்திருந்த பிறகு, ஜெராக்ஸ் எடுத்துவிட்டுத் திரும்பி வந்த பிறகு, வாசலில் நின்று யாரிடமாவது பேசிவிட்டு வந்த பிறகு, இப்படித்தான். சும்மா இருந்த நேரத்தில் மட்டும் வருகிற திருடன்.

இதற்குக் காரணம் விண்டோஸின் உள்ளே இருக்கும் ஒரு எண். 200000 மில்லி செகண்ட், அதாவது மூன்று நிமிஷம் 20 நொடி.

விண்டோஸ் 95 வரைக்கும் எந்த நிரலும் நினைத்தால் தன்னை முன்னால் கொண்டுவந்துவிடலாம், கேட்பாரில்லை. விண்டோஸ் 98இலும் விண்டோஸ் 2000இலும்தான் பூட்டுப் போட்டார்கள். முன்னால் வர வேண்டுமென்றால் ஏதாவது ஒரு தகுதி இருக்க வேண்டும். ஏற்கெனவே முன்னால் இருக்கும் நிரலாக இருக்கலாம், முன்னால் இருப்பது தொடங்கிவைத்த நிரலாக இருக்கலாம், கடைசியாகப் பயனர் தட்டியதையோ க்ளிக் செய்ததையோ வாங்கிய நிரலாக இருக்கலாம், அல்லது முன்னால் இருப்பதே இன்னொன்றுக்கு அனுமதி கொடுத்திருக்கலாம். எதுவும் இல்லாமல் வர முயன்றால் விண்டோ வராது, டாஸ்க்பாரில் அதன் பொத்தான் மட்டும் சிமிட்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தப் பூட்டுக்கு ஒரு காலக்கெடு வைத்தார்கள். பயனர் கடைசியாக எதையாவது தொட்டதிலிருந்து அந்த 200000 மில்லி செகண்ட் கழிந்துவிட்டால் பூட்டு தானாகத் திறந்துகொள்ளும். ஆள் எழுந்து போய்விட்டார் போல, இப்போது யார் வந்தால் என்ன என்கிற எண்ணம். அலுவலகத்தில் எழுந்து போகிறவருக்கு அது பொருந்தும். பாம்பனில் உட்கார்ந்து, செல்லில் மெசேஜ் வருகிறதா என்று வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறவனுக்குப் பொருந்தாது. நாங்கள் எழுந்து போகவில்லை, காத்திருக்கிறோம். கையைத் தயாராகக் கீபோர்டில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறோம், அதுதான் வினை.

பூட்டுப் போட்ட உடனே நிரல் எழுதுகிறவர்கள் சாவி செய்யத் தொடங்கிவிட்டார்கள் என்பது இன்னொரு கதை. ஆல்ட் விசையைத் தானே தட்டியது போல நடிப்பது, முன்னால் இருக்கும் விண்டோவின் உள்ளீட்டு வரிசையோடு தன்னுடையதை ஒட்டவைத்துக்கொண்டு பின்வாசலால் நுழைவது, அந்தக் காலக்கெடுவையே பூஜ்யம் ஆக்கிவிடுவது என்று பல வித்தைகள். ஒவ்வொருவருக்கும் தன் செய்திதான் அவசரம். அப்டேட் வந்திருக்கிறது என்பதும் அவசரம், ஸ்கேனர் தயார் என்பதும் அவசரம்.

இங்கே ஒரு விஷயம் சொல்லாமல் போக முடியாது. நம்மூரில் ஜெராக்ஸ் என்றால் நகல், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பெயருள்ள கம்பெனி அமெரிக்காவில் பாலோ ஆல்டோவில் நடத்திய ஆய்வகத்தில்தான் 1970களில் விண்டோவையும் மெனுவையும் மவுஸால் இயக்குகிற இந்த உலகமே உருவானது. அங்கே இருந்த லாரி டெஸ்லர் என்பவர், ஒரே விசை ஒரு நேரம் ஒன்றும் இன்னொரு நேரம் இன்னொன்றும் செய்யக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தவர். அந்தக் கால எடிட்டர்களில் ஒரு நிலையில் தட்டினால் எழுத்து விழும், இன்னொரு நிலையில் அதே எழுத்து கட்டளையாகிவிடும், நாம் எந்த நிலையில் இருக்கிறோம் என்று மறந்தால் தொலைந்தோம். நிலைகளே வேண்டாம் என்று காரின் நம்பர் பிளேட்டில்கூட எழுதி வைத்துக்கொண்டார். ஜிப்ஸி என்ற டெக்ஸ்ட் எடிட்டரை உருவாக்கியதில் அவருக்குப் பங்குண்டு, வெட்டி ஒட்டும் வழக்கம் பரவியது அதிலிருந்துதான். 2020இல் இறந்தார். ஃபோகஸ் என்பதும் ஒரு நிலைதான், எழுதும்போது அது நம் கையை மீறி மாறினால் அவர் பயந்த விபத்து அப்படியே நடக்கிறது. அதை இன்றைக்கு ஒரு டெக்ஸ்ட் எடிட்டரே செய்கிறது என்று தெரிந்தால் மனுஷன் என்ன சொல்லியிருப்பாரோ.

எடிட்டர்கள் இதில் அடிக்கடி மாட்டுவதற்குக் காரணம் உண்டு. காலையில் திறந்தால் ராத்திரி வரை அது திறந்தே கிடக்கும். ஒரு தடவைதான் ஓடும், இரண்டாவதாக ஒரு கோப்பைத் திறக்கச் சொன்னால் புதிதாக ஒன்று தொடங்காமல், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதையே தட்டி எழுப்பி "இதையும் திற" என்று ஒப்படைத்துவிடும். வேறு நிரல்கள்கூட அதைக் கூப்பிடலாம், எங்கேயோ ஒரு ஸ்கிரிப்ட், அதாவது சின்ன நிரல், ஓடி முடித்துப் பிழைக் குறிப்பை டெக்ஸ்ட் கோப்பாகத் திறந்து காட்டும். போதாக்குறைக்கு, திறந்திருக்கும் கோப்பு வட்டில் மாறுகிறதா என்று காவல் காத்துக்கொண்டே இருக்கும். இந்தக் காவல் அவசியமும்கூட. இரண்டு பேர் ஒரே கோப்பில் எழுதும்போது ஒருவர் எழுதியதை மற்றவர் அறியாமல் அழித்துவிடக் கூடாதே.

என் விஷயத்தில் காவல்காரன் கூவியதற்குக் காரணம் யார் என்று கண்டுபிடிக்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். நொடிக்கு ஒரு தடவை, இப்போது முன்னால் இருக்கும் விண்டோ எது, எந்த நிரலுடையது என்று கேட்டு நேரத்தோடு ஒரு கோப்பில் எழுதும், அவ்வளவுதான். விண்டோஸோடு வரும் பவர்ஷெல் என்ற கட்டளை நிரலில் பத்து வரியில் முடிந்துவிடும். ஒரு நாள் ஓடவிட்டுப் பார்த்தேன். எடிட்டர் முன்னால் வந்த நேரம் காலை 11.42. கணக்குக் கோப்பு கடைசியாக மாறிய நேரமும் 11.42.

என் கணினியில் இருக்கும் அந்தக் கோப்பை உள்ளே இருக்கும் பெட்டியிலும் பொதுக் கோப்பாகத் திறந்து வைத்திருந்தோம், இரண்டு பேரும் எழுத வசதியாக இருக்கும் என்று நான் செய்த ஏற்பாடுதான். மதினி லேமினேஷன் 200 ரூபாய் என்று எழுதி சேவ் செய்த ஒவ்வொரு தடவையும் என் எடிட்டர் கலவரப்பட்டிருக்கிறது. நான் டைப் செய்துகொண்டிருந்தபோது பூட்டு இருந்ததால் டாஸ்க்பாரில் சிமிட்டிக்கொண்டு கிடந்திருக்கிறது, பிறகு நானாக எடிட்டருக்குப் போனபோது வழக்கமான தொல்லை என்று மூடியிருக்கிறேன். மூன்று நிமிஷம் 20 நொடிக்கு மேல் நான் சும்மா இருக்கும்போது அவர் சேவ் செய்தால் மட்டும் ஓடி வந்து முன்னால் நின்றிருக்கிறது.

"நான் என்னத்தப்பா செஞ்சேன், கணக்குத்தான எழுதினேன்" என்றார் மதினி. உண்மைதான். யார் மேலும் தப்பில்லாமல் ஒரு தப்பு நடந்துவிட்டது.

ஆனால் மதினியின் பெட்டியில் இருந்தது வேறு வகைத் திருட்டு. அது டைப் செய்யும்போதே நடக்கும். பழைய கணினி, ரேம் 2 ஜிபிதான், எடிட்டரைத் திறக்க க்ளிக் செய்தால் அது எழுந்து வர நேரமாகும். அந்த நேரத்தை வீணாக்குவானேன் என்று மதினி பாதியில் விட்ட மனுவுக்குத் திரும்பி டைப் செய்யத் தொடங்கிவிடுவார். நாலாவது வார்த்தையில் எடிட்டர் வந்து குதிக்கும்.

தமிழில் டைப் செய்கிறவர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு நஷ்டம் இருக்கிறது. தமிழ்99 விசைப்பலகையில் "மீ" என்பது ஒரு விசை இல்லை, இரண்டு. முதலில் ம, அப்புறம் ஈ. முன்னால் ஒரு மெய் வரிசை எழுத்து இருக்கிறது என்று தெரிந்தால்தான் ஈயன்னா துணைக்குறியாக மாறி அதன்மேல் ஏறும். இரண்டு விசைக்கும் நடுவில் ஃபோகஸ் போய்விட்டால்? ஒரு நாள் மதினி கூப்பிட்டுக் காட்டினார். மனுவில் "பாரம்பரிய ம" என்று நிற்கிறது. எடிட்டரில், கணக்குக்கு மேலே, "ஈனவர்" என்று கிடக்கிறது. மீனவர் என்கிற வார்த்தையை நடுவில் வெட்டினால் இப்படி ஆகும் என்று எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை. நல்லவேளை, எங்கள் கணக்குக் கோப்பில் விழுந்தது, கலெக்டருக்குப் போகும் மனுவில் விழவில்லை. இதே போலப் புள்ளி தனியாகப் பிரிந்து வந்தால் ஏற இடமில்லாமல் ஒரு புள்ளிவட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்கும், பார்த்திருப்பீர்கள். ஆங்கிலத்தில் எழுத்து தொலைந்தால் ஒரு எழுத்துத்தான் தொலைகிறது, நமக்கு எழுத்தே இரண்டாகப் பிளக்கிறது. ஒவ்வொரு விண்டோவுக்கும் தனித்தனி மொழி என்று வைத்திருப்பவர்களுக்கு இன்னும் விசேஷம், எடிட்டர் ஆங்கிலத்தில் இருந்தால் "மீன்" என்று அடித்தது கே, டபிள்யூ, ஐ, எஃப் என்று நாலு ஆங்கில எழுத்தாக விழும்.

லினக்ஸில் ஏன் இப்படி? அங்கே விண்டோக்களைத் திரையில் காட்ட ரொம்ப காலமாக இருந்தது எக்ஸ்11 என்கிற ஏற்பாடு, 1987இல் வந்தது. அதில் யார் வேண்டுமானாலும் ஃபோகஸை எடுத்துக்கொள்ளலாம், தடுக்க ஆளில்லை. விண்டோக்கள் ஒன்றோடொன்று எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று 1980களின் கடைசியில் ஒரு மரபுத் தொகுப்பு எழுதிவைத்தார்கள். அது சட்டமில்லை, மரியாதை. மரியாதை தெரிந்த நிரல் கேட்டு வாங்கும், தெரியாதது பிடுங்கும். பிறகு விண்டோ மேனேஜர்கள், அதாவது எந்த விண்டோ எங்கே நிற்பது என்று பார்த்துக்கொள்ளும் நிரல்கள், ஒரு நல்ல யுக்தி கண்டுபிடித்தன. ஒவ்வொரு விண்டோவிலும் பயனர் கடைசியாக எப்போது தொட்டார் என்கிற நேரமுத்திரை ஒட்டியிருக்கும். புதிதாக வரும் விண்டோவிடம், உன்னைத் திறக்கச் சொன்ன க்ளிக் எத்தனை மணிக்கு நடந்தது என்று கேட்பார்கள். பயனர் அதற்குப் பிறகு வேறு விண்டோவில் தட்டத் தொடங்கிவிட்டார் என்றால், உன் க்ளிக் பழசாகிவிட்டது, பின்னால் நில். மதினிக்கு நடந்ததற்கு இதுதான் சரியான மருந்து. லினக்ஸின் டெஸ்க்டாப்புகளில் ஒன்றான கேடிஇயில் இந்தத் தடுப்பை ஒன்றுமில்லை என்பதிலிருந்து மிக அதிகம் என்பது வரை ஐந்து படியாக வைத்துக்கொள்ளலாம். மதினியின் பெட்டியில் இருப்பது எக்ஸ்எஃப்சிஇ என்ற இன்னொரு டெஸ்க்டாப், அதில் விண்டோ மேனேஜரின் கூடுதல் அமைப்புகளுக்குள் ஃபோகஸ் என்ற தாவலில் ஒரே ஒரு டிக். அது போடாமல் கிடந்தது. போட்டேன்.

இருந்தாலும் நேரமுத்திரை என்பது ஊகம்தான். பெரும்பாலும் சரியாக வரும், சில நேரம் தவறும். கணினிக்கு உண்மையில் தெரிய வேண்டியது, இந்த விண்டோ முன்னால் வருவது பயனரின் விருப்பமா, அந்த நிரலின் விருப்பமா என்பதுதான். வாட்ஸப்பில் வந்த ஒரு சுட்டியை, அதாவது லிங்க்கை, தட்டினால் பிரவுசர் முன்னால் வர வேண்டும், அது என் விருப்பம். கோப்பு மாறிவிட்டது என்று எடிட்டர் பதறுவது அதன் விருப்பம். இரண்டும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும், இரண்டிலும் பின்னால் இருந்த ஒரு விண்டோ முன்னால் வர விரும்புகிறது. வித்தியாசம் அதன் பின்னணியில் ஒரு விரல் இருந்ததா இல்லையா என்பதில் இருக்கிறது.

இதற்கு அவர்கள் கடைசியாக வந்து சேர்ந்த விடையை எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்கவே தேவையில்லை. டோக்கன். பெயரும் அதே டோக்கன்தான். இங்கே விசைப்படகு கடலுக்குப் போக வேண்டுமென்றால் மீன்வளத்துறை அலுவலகத்தில் அன்றைக்கு அனுமதி டோக்கன் வாங்க வேண்டும். காற்று பலமாக வீசும் என்று எச்சரிக்கை வந்தால் டோக்கன் கிடையாது. டீசல் போட்டாயிற்று, ஐஸ் ஏற்றியாயிற்று, ஆளும் வந்தாயிற்று என்றாலும் ஜெட்டியில்தான் கிடக்க வேண்டும். என் படகு, என் எஞ்சின், என் அவசரம் என்று சொல்லிப் பயனில்லை. பாக் நீரிணையில் திங்கள், புதன், சனி விசைப்படகுக்கு, மற்ற நாள் நாட்டுப்படகுக்கு என்று முறை வைத்திருப்பதும் இதே காரணத்துக்காகத்தான், கடல் ஒன்று, போக நினைப்பவர்கள் பலர். பழைய ஒற்றை வழி ரயில் பாதையில் வளையத்தில் கோத்த டோக்கனை டிரைவர் கையில் வாங்காமல் வண்டியை அடுத்த ஸ்டேஷனுக்கு எடுக்க முடியாதே, அதுவும் இந்த வகைதான்.

எக்ஸ்11க்கு மாற்றாக 2008இல் கிறிஸ்டியன் ஹொக்ஸ்பர்க் தொடங்கிய வேலேண்டில், எந்த நிரலும் தானாக முன்னால் வர முடியாது. அந்த வழியே கிடையாது. ஒரு நிரல் இன்னொன்றை முன்னால் அழைக்க ஒரு முறையை 2021இல் சேர்த்தார்கள். நீங்கள் சுட்டியைத் தட்டியதும், தட்டு வாங்கிய நிரல் திரையை ஆளும் கம்பாசிட்டரிடம் போய், "இதோ இந்தத் தட்டின் எண், எனக்கு ஒரு டோக்கன் கொடு" என்று கேட்கும். கிடைத்த டோக்கனைப் பிரவுசரிடம் கொடுக்கும். பிரவுசர் அதைக் கம்பாசிட்டரிடம் காட்டினால், இது உண்மையான தட்டிலிருந்து வந்ததா, இன்னும் செல்லுமா என்று பார்த்துவிட்டு முன்னால் விடும். என் எடிட்டரின் பதற்றத்துக்குப் பின்னால் எந்தத் தட்டும் இல்லை, எனவே அதற்கு உருப்படியான டோக்கன் கிடைக்காது. பின்னால் இருந்தபடியே "கவனிக்கவும்" என்று ஒரு குறிப்புக் கொடுக்கலாம், அவ்வளவுதான். மேக்கிலும் 2023இல் வந்த சோனோமா பதிப்பிலிருந்து இதே திசையில் மாற்றியிருக்கிறார்கள். முன்னால் இருக்கும் நிரல் விட்டுக்கொடுத்தால் இன்னொன்று வரலாம், மற்றவற்றைப் பொருட்படுத்தாமல் நுழைகிற பழைய வழியைக் கைவிடச் சொல்லிவிட்டார்கள்.

இப்போது புகார் தலைகீழாக வருகிறது. டோக்கனைக் கைமாற்றத் தெரியாத பழைய நிரல்கள் நிறைய இருக்கின்றன. சுட்டியைத் தட்டினால் பிரவுசர் சத்தமில்லாமல் பின்னாலேயே திறந்துகொள்ளும், நாம் ஒன்றும் நடக்கவில்லை என்று இன்னும் நாலு தடவை தட்டுவோம், அப்புறம் பார்த்தால் ஐந்து பக்கம் திறந்திருக்கும். எனக்கு இது பரவாயில்லை என்றுதான் தோன்றுகிறது. வராத விண்டோவைத் தேடிப் போய் எடுத்துக்கொள்ளலாம், தொலைந்த ஓடிபியையும் பன்னிரண்டு வரிக் கணக்கையும் எங்கே போய்த் தேடுவது? கண் தெரியாமல் திரைவாசிப்பானை நம்பி வேலை செய்கிறவர்களை நினைத்தால் இந்த எண்ணம் இன்னும் உறுதியாகிறது, ஃபோகஸ் எங்கே போகிறதோ அங்கே குரலும் போய்விடும், நடு வாக்கியத்தில் வேறு எதையோ படிக்கத் தொடங்கிவிடும். நமக்காவது நிமிர்ந்து பார்த்தால் தெரிகிறது.

கடையில் என்ன செய்தோம் என்றால், பெரிதாக ஒன்றுமில்லை. பொதுக் கோப்பு என்கிற ஏற்பாட்டை எடுத்துவிட்டேன், மதினிக்கு ஒரு கோப்பு, எனக்கு ஒன்று, ராத்திரி கடை சாத்தும்போது இரண்டையும் சேர்த்துக்கொள்வோம். இப்படிச் செய்ய முடியாதவர்கள் எடிட்டரின் அமைப்புகளில் கோப்பு மாறினால் கேட்பதை நிறுத்திவிடலாம், அல்லது மாற்றம் எதுவும் செய்யாத நிலையில் மட்டும் கேட்காமல் ஏற்றிக்கொள்ளச் சொல்லலாம், பெரும்பாலான எடிட்டர்களில் ஏதாவது ஒன்று இருக்கும். எழுதியதைத் தானாகச் சேவ் செய்யும் வசதி இருந்தால் போட்டுவையுங்கள். விண்டோஸின் அந்தக் காலக்கெடு, அது தன் அமைப்புகளைச் சேர்த்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் கன்ட்ரோல் பேனல், டெஸ்க்டாப் பகுதிக்குள் இருக்கிறது. எனக்கு மூன்று நிமிஷம் 20 நொடி போதாது என்பதால் அரை மணி நேரமாக ஏற்றி வைத்திருக்கிறேன். வேறு எதையாவது நிறுவும்போது அது பூஜ்யமாகிவிட்டதா என்று எப்போதாவது ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது. ஓடிபியை அடிக்கும் முன்னால் கட்டத்தில் ஒரு தடவை க்ளிக் செய்துவிட்டு அடிக்கவும் பழகிக்கொண்டேன், அது கையோடு ஒட்டிக்கொள்ள ஒரு வாரமாயிற்று.

நொடிக்கு ஒரு தடவை பார்க்கும் அந்த ஸ்கிரிப்டை மட்டும் நிறுத்தவில்லை, ஓடட்டும் என்று விட்டிருக்கிறேன். நேற்று ராத்திரி அதன் கோப்பைத் திறந்து பார்த்தேன். எடிட்டர் ஒரு தடவைகூடத் தானாக வரவில்லை. மத்தியானம் 3.17க்கு மட்டும் ஒன்று எந்தப் பூட்டையும் மதிக்காமல் முன்னால் வந்து 11 நொடி நின்றுவிட்டுப் போயிருக்கிறது. பிரிண்டருடைய விண்டோ. கலர் இங்க் குறைந்துவிட்டதாம்.